வெள்ளைக்கல்லும் 24.3 என்ற கணக்கும்

கேள்வி: மக்னீசியத்தின் ஐசோடோப்புகள் 24, 25, 26 என மூன்று. கூட்டி மூன்றால் வகுத்தால் 25. பாடப்புத்தகத்தில் அணு நிறை 24.3 என்று இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்கிறாள், எனக்குப் பதில் தெரியவில்லை. — ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: சேலத்தில் இருந்துகொண்டு மக்னீசியத்தைப் பற்றிக் கேட்டீர்களே, ரொம்பச் சந்தோஷம். மாமாங்கம் பக்கம் போனால் மண்ணோடு வெள்ளை வெள்ளையாகக் கிடக்கிறதே, நம்மூர்க்காரர்கள் வெள்ளைக்கல் என்று சொல்லும் மேக்னசைட், அது மக்னீசியம் கார்பனேட்தான். அதில் ஒரு துண்டை மகள் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லிக்கொடுங்கள்.

அந்தத் துண்டில் உள்ள மக்னீசிய அணு ஒவ்வொன்றிலும் 12 புரோட்டான்கள். 12 இருந்தால்தான் அது மக்னீசியம். நியூட்ரான் மட்டும் சிலவற்றில் 12, சிலவற்றில் 13, சிலவற்றில் 14. இரண்டையும் கூட்டினால் வருவதுதான் அந்த 24, 25, 26. அதனால் வேதிக் குணம் ஒன்றாக இருந்தாலும் எடையில் வித்தியாசம். இவைதான் ஐசோடோப்புகள்.

மூன்றால் வகுத்தால் ஏன் தப்பு என்றால், மூன்றும் சம அளவில் இல்லை. ஒரு கூடையில் 100 குண்டு மாம்பழம் இருக்கிறது என்று வையுங்கள். 79 பழம் 240 கிராம், 10 பழம் 250 கிராம், 11 பழம் 260 கிராம். கூடையை அப்படியே தராசில் வைத்தால் 24,320 கிராம், நூறால் வகுத்தால் 243.2. கூடையில் தேடினாலும் 243.2 கிராம் பழம் ஒன்றுகூடக் கிடைக்காது, ஆனால் கூடையின் சராசரி அதுதான், சின்னப் பழம் அதிகம் என்பதால் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

இப்போது மக்னீசியம். இயற்கையில் 24 உள்ளது 78.99 சதவீதம், 25 உள்ளது 10.00, 26 உள்ளது 11.01. துல்லியமான நிறைகள் 23.985, 24.986, 25.983. ஒவ்வொரு நிறையையும் அதன் பங்கால் பெருக்குங்கள்: 18.946, 2.499, 2.861. கூட்டினால் 24.306 வருகிறதா, சரி, புத்தகத்தில் 24.3 என்று சுருக்கியிருப்பது இதைத்தான். பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது சதவீதத்தை நூறால் வகுக்க மறப்பதில், அதை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்தப் பங்கையெல்லாம் எப்படி எண்ணினார்கள் என்று அவள் கட்டாயம் கேட்பாள், கேட்கவும் வேண்டும். அணுக்களுக்கு மின்னூட்டம் கொடுத்துக் காந்தப்புலத்தில் ஓடவிட்டால் எடை குறைந்தது அதிகமாக வளையும், கூடியது குறைவாக வளையும், தனித்தனியாகப் பிரிந்துவிடும். ஆஸ்டன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1919இல் இப்படி ஒரு கருவி செய்து நியானில் 20, 22 என இரண்டு வகை இருப்பதைக் காட்டினார். 1922இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு.

கேள்வி: அப்படியானால் எங்கள் மலைப் பாக்சைட்டில் உள்ள அலுமினியத்துக்கு 26.98 வருவதும் கலவையாலா? — ஒரு வாசகர், ஏற்காடு.

பதில்: இல்லை. மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சேர்வராயன் மலையிலிருந்து போன பாக்சைட்டிலும் சரி, வேறு எங்கும் சரி, அலுமினியத்துக்கு நிலையான ஐசோடோப்பு ஒன்றே ஒன்றுதான், 27. கார்பன்-12 அணுவைச் சரியாக 12 என வைத்துத்தான் மற்ற அணுக்களை அளக்கிறார்கள். அலுமினியக் கருவில் துகள்கள் அதைவிட இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் நிறை துளி குறைந்து 26.98 ஆகிறது. அப்புறம், குளோரினையும் போட்டுப் பாருங்கள்: 34.97 நிறை 75.8 சதவீதம், 36.97 நிறை 24.2 சதவீதம். 35.45 வர வேண்டும்.