தொலைவில் இருக்கும் இசை வகுப்பு: பயணம் தகுமா என்று கேட்கும் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

பதின்மூன்று வயது மகளை வாரந்தோறும் வயலின் வகுப்புக்கு அழைத்துச் செல்லப் போக ஒன்றரை மணி நேரமும் வர ஒன்றரை மணி நேரமும் ஆகின்றன என்றும், வகுப்போ ஒரு மணி நேரம்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த அலைச்சலும் செலவும் அவளுடைய எதிர்காலத்துக்கு உதவுமா, அல்லது அருகிலேயே ஓர் ஆசிரியரைப் பார்த்துக்கொள்வது நல்லதா என்பது உங்கள் கேள்வி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தூரத்தையும் செலவையும் மட்டும் வைத்து இதற்கு விடை காண முடியாது. ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் இடையே உங்கள் வீட்டில் எவ்வளவு பயிற்சி நடக்கிறது என்பதுதான் விடையைத் தீர்மானிக்கும்.

ஆயினும் கணக்கைப் பார்த்தே ஆக வேண்டும். பல குடும்பங்கள் கட்டணத்தையும் பயணச் செலவையும் மட்டும் எழுதி வைத்துவிட்டு நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆண்டுக்கு 40 வகுப்புகள் என்று கொண்டால், பயணத்துக்கு மட்டும் 120 மணி நேரம் செலவாகிறது. உடன் செல்பவருக்கும் அதே 120 மணி நேரம் போவதோடு, வெளியே காத்திருக்கும் 40 மணி நேரமும் சேர்ந்துகொள்கிறது. நாள் ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் பயிற்சி செய்யும் ஒரு குழந்தைக்கு 120 மணி நேரம் என்பது 160 நாள் பயிற்சிக்குச் சமம். அவ்வளவு நேரத்தைக் கொடுத்து அங்கே எதைப் பெறுகிறோம் என்ற கேள்வியை ஆண்டுக்கு ஒரு முறையாவது குடும்பமாக உட்கார்ந்து பேசுவது அவசியம்.

அங்கே பெறுவது என்ன? வில்லைப் பிடிக்கும் கையின் கட்டை விரல் இறுகியிருப்பதையோ, இடது மணிக்கட்டு உள்ளே மடிந்திருப்பதையோ நல்ல ஆசிரியர் ஒரே பார்வையில் கண்டுபிடித்து, தொட்டுத் திருத்திவிடுவார். கற்கத் தொடங்கிய முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் இத்தகைய திருத்தம் அடிக்கடி தேவைப்படுகிறது. தவறான பிடி ஒரு வாரம் முழுவதும் பழகிவிட்டால் அதை மாற்ற இன்னும் பல வாரங்கள் ஆகும். ஆகவே, தொடக்க நிலையில் உள்ள குழந்தைக்குத் தொலைவில் இருக்கும் பெரிய வித்வானைவிட, வாரம் இரண்டு முறை பார்க்கக்கூடிய, அருகில் உள்ள பொறுப்பான ஆசிரியரே மேல் என்று தயங்காமல் சொல்வேன். அடிப்படை உறுதிப்பட்ட பிறகு நிலைமை மாறுகிறது. ஒலியின் தரம், உணர்ச்சி வெளிப்பாடான பாவம், ஓர் இசைத் தொடரை எங்கே மூச்சுவிட்டு எங்கே தொடர வேண்டும் என்ற தெளிவு ஆகியவற்றை எல்லாரும் கற்றுத்தர இயலாது. அவற்றுக்காகத் தூரம் போவதில் நியாயம் இருக்கிறது. 1705ஆம் ஆண்டில், பின்னாளில் பெரும் இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற, அப்போது இருபது வயதான யோகான் செபாஸ்டியன் பாக், பக்ஸ்டெஹூட் என்ற மூத்த ஆர்கன் (தேவாலயங்களில் வாசிக்கப்படும் பெரிய குழல் இசைக்கருவி) கலைஞரின் இசையைக் கேட்பதற்காக ஜெர்மனியின் ஆர்ன்ஸ்டாட்டிலிருந்து லூபெக்குக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் போனார். நான்கு வார விடுப்பு வாங்கிக்கொண்டு போனவர் நான்கு மாத அளவுக்கு அங்கேயே தங்கிவிட்டார். அப்போது அவர் ஏற்கெனவே பணியில் இருந்த ஆர்கன் கலைஞர் என்பதைக் கவனியுங்கள். அடிப்படையை முடித்துவிட்டு, வேறெங்கும் கிடைக்காத ஒன்றைத் தேடிச் சென்ற பயணம் அது.

உங்கள் மகள் நான்கு ஆண்டுகளாகக் கற்பதாகக் குறிப்பிட்டிருப்பதால், அவள் இந்த இரண்டாம் கட்டத்தின் வாசலில் இருக்கிறாள். எனவே, வகுப்பை நிறுத்துவதா தொடர்வதா என்று யோசிப்பதற்கு முன், வகுப்பின் அமைப்பை மாற்ற முடியுமா என்று பாருங்கள். இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை ஒன்றரை மணி நேர வகுப்பாக வைத்துக்கொண்டால் பயணம் பாதியாகக் குறையும். இன்னொரு வழியும் உண்டு. அதையே நான் அதிகம் பரிந்துரைக்கிறேன். அந்த ஆசிரியரிடம் கற்று முதிர்ந்த மாணவர் ஒருவர் உங்கள் பகுதியில் இருந்தால், வாரந்தோறும் அவரிடம் பாடத்தை உறுதிப்படுத்திக்கொண்டு, மாதம் ஒரு முறை ஆசிரியரிடம் நேரில் செல்லலாம். இருவரும் ஒரே முறையில் கற்றுத்தருவதால் குழந்தைக்குக் குழப்பம் நேராது. இந்த ஏற்பாட்டை ஆசிரியரிடம் நீங்களே மரியாதையோடு கேட்க வேண்டும். அவருக்குத் தெரியாமல் வேறிடத்தில் சேர்ப்பது உறவைக் கெடுத்துவிடும்.

இணைய வழி வகுப்பு பயணத்தை முற்றிலும் நீக்கிவிடும் என்று நம்பாதீர்கள், அதே நேரம் அதை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். ஒலி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சேர்வதில் ஏற்படும் தாமதம் ஏறத்தாழ 30 மில்லி நொடியைத் தாண்டினாலே இருவர் சேர்ந்து தாளத்தோடு வாசிப்பது கடினமாகிவிடுகிறது. வழக்கமான காணொளி அழைப்புகளில் தாமதம் இதைவிட மிகுதி. பேச்சுக்காக வடிவமைக்கப்பட்ட செயலிகள், நீண்டு ஒலிக்கும் சுரத்தைப் பின்னணி இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடுவதும் உண்டு. ஜூம் போன்ற செயலிகளில் மூல ஒலியை அப்படியே அனுப்பும் அமைப்பை இயக்கினால் இந்தக் குறை பெருமளவு நீங்கும். விரல் வைப்பு, மனப்பாடம், இசைக் கோட்பாடு ஆகியவற்றைச் சரிபார்க்க இணையம் போதும். வில்லின் அழுத்தத்தையும் தோளின் இறுக்கத்தையும் திரையில் சரியாக உணர முடியாது.

பயணம் தொடரும் என்றால், அதன் இரு முனைகளையும் சரிசெய்யுங்கள். ஒன்றரை மணி நேரம் வயலின் பெட்டியை மடியில் வைத்து அமர்ந்து வரும் குழந்தையின் விரல்கள் இறங்கும்போது விறைத்திருக்கும். வெப்பமும் ஈரப்பதமும் மாறியதால், தந்திகளை இறுக்கும் முறுக்காணிகள் தளர்ந்து சுருதியும் இறங்கியிருக்கும். நேராக உள்ளே நுழைந்தால் வகுப்பின் முதல் பத்து நிமிடங்கள் சுருதி சேர்ப்பதிலேயே போய்விடும். இருபது நிமிடம் முன்னதாகச் சென்று, எங்காவது ஓரமாக அமர்ந்து கைகளைத் தளர்த்திச் சுருதி சேர்த்துவிட்டு உள்ளே போனால், நீங்கள் கட்டணம் செலுத்தும் நேரம் முழுவதும் பாடத்துக்கே கிடைக்கும். திரும்பும் வழியின் முதல் பதினைந்து நிமிடங்களை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். ஆசிரியர் சொன்ன திருத்தங்கள் மனத்தில் சூடாக இருக்கும்போதே அவற்றைத் தன் சொற்களில் அவள் ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். ஓடும் வண்டியில் எழுதினால் தலை சுற்றும் என்றால் கைப்பேசியில் பேசிப் பதிவுசெய்யட்டும். ஆசிரியர் அனுமதித்தால் வகுப்பையும் ஒலிப்பதிவு செய்துகொள்ளலாம். போகும் வழியில் பாடத்தைக் காதில் கேட்டுக்கொண்டே விரல்களை ஓசையின்றி நகர்த்திப் பார்ப்பதும் பயிற்சிதான்.

தொழிலைப் பற்றிய உங்கள் கவலைக்கு வருகிறேன். இசையை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்வாளா என்று பதின்மூன்று வயதில் முடிவு செய்யத் தேவையில்லை. மேல்நிலைப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் வரை அவகாசம் இருக்கிறது. மேடைக் கலைஞர், இசை ஆசிரியர், ஒலிப்பதிவுப் பொறியாளர், இசைச் சிகிச்சையாளர் என வழிகள் பல உண்டு. கலைஞரும் ஆசிரியரும் கச்சேரி, ஒத்திகை, வகுப்பு என்று வாழ்நாள் முழுவதும் பயணம் செய்பவர்கள்; ஆகவே இந்தப் பயணத்தை அவள் எப்படி எடுத்துக்கொள்கிறாள் என்பதே ஒரு நல்ல அறிகுறி. நீங்கள் நினைவூட்டாமலேயே கருவியை எடுக்கிறாளா, வகுப்புக்கு மறுநாளே புதிய திருத்தத்தை முயன்று பார்க்கிறாளா என்று கவனியுங்கள்.

ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். "உனக்காக எவ்வளவு செலவு செய்கிறோம், எவ்வளவு அலைகிறோம்" என்று அவளிடம் சொல்லாதீர்கள். அந்தச் சொல் குழந்தையைக் கடன்காரியாக்கிவிடும். பிடிக்கவில்லை என்றாலும் நிறுத்தச் சொல்ல அவளுக்கு வாய் வராது. இதுவரை செலவிட்டதை எண்ணி மேலும் செலவிடுவதும் சரியான காரணம் ஆகாது.

அடுத்த மூன்று மாதங்களுக்கு வீட்டுப் பயிற்சியைத் தேதியிட்டுக் குறித்து வாருங்கள். வாரத்தில் ஐந்து நாளாவது பயிற்சி நடந்தால் பயணத்தைத் தொடருங்கள். இரண்டு நாளுக்கு மேல் நடக்கவில்லை என்றால், அவளோடு பேசிவிட்டு, அருகில் உள்ள வகுப்புக்கு மாற்றி, மிச்சமாகும் மணி நேரங்களைத் தூக்கத்துக்கும் பயிற்சிக்கும் கொடுங்கள். இடைப்பட்ட நிலையில் இருந்தால், மேலே சொன்ன மாதம் ஒரு முறை ஏற்பாட்டைப் பற்றி ஆசிரியரிடம் பேசிவிட்டு எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.