28, 32 ஏறினால் எங்கே பார்ப்பது: ஜிசி-எம்எஸ் கேள்வி பதில்

(ஜிசி-எம்எஸ்: கலவையைக் கொலம் என்ற நீண்ட மெல்லிய குழாயில் பிரித்து, வெற்றிடத்திலுள்ள எம்எஸ் பகுதியில் திணிவு எண்ணால் அடையாளம் காணும் கருவி. 28 நைதரசன், 32 ஒட்சிசன். ஈலியம் கொலத்தினூடு ஓடும் வாயு.)

ஏறாவூர்: சேர், கொலம் மாற்றினதிலிருந்து 28, 32 இரண்டும் உயரமாக நிற்குது. இரவு முழுக்கப் பம்பி ஓடியும் இறங்கவில்லை. ஈலியம் சிலிண்டர் பிழையா?

தம்பி, சிலிண்டரில் கை வைக்க முதல் விகிதத்தைப் பாருங்கள். 32ஐப் போல ஏறக்குறைய நாலு மடங்கு 28 நின்றால் அது காற்று, எங்கோ ஒழுக்கு. கொலம் எம்எஸ்ஸுக்குள் நுழையும் நட்டில்தான் எனக்கு முதல் சந்தேகம். அதிலுள்ள வெஸ்பெல்-கிராஃபைட் ஃபெரூல் (கொலத்தைச் சுற்றி இறுகும் சிறு வளையம்) சூடேறி ஆறச் சுருங்கும், அதனால் கொலம் இருக்கும் ஓவன் நாலைந்து தரம் சூடேறின பிறகு, ஆறவிட்டு, ஸ்பானரால் இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும். கால் சுற்றைத் தாண்டாதீர்கள்.

அப்பவும் இறங்காவிட்டால் ஆகன் எடுங்கள். மெல்லிய குழாயால் கன்னத்தில் பட்டும் படாமலும் உணரும் அளவுக்கு ஓடவிட்டு, திரையில் ஆகனின் எண்ணான 40ஐ மட்டும் பாருங்கள். காற்றிலேயே ஆகன் ஒரு வீதத்துக்குக் கிட்ட இருப்பதால் 40 முதலே கொஞ்சம் தெரியும், அந்த உயரத்தைக் குறித்து வையுங்கள். ஆகன் காற்றைவிடப் பாரம், கீழே இறங்கும். ஆகவே அடி இணைப்பில் தொடங்கி மேலே வாருங்கள், ஒவ்வொன்றிலும் சில செக்கன் பொறுத்து. ஒழுகும் இடத்தில் 40 சட்டென்று எழும்பும். எம்எஸ் கதவின் ஓ-வளையத்தில் (இறுக்கி மூடும் இறப்பர் வளையம்) ஒட்டியிருந்த ஒரு தலைமயிரை நான் இப்படித்தான் பிடித்தேன். தேடும் நேரம் தவிர எம்எஸ்ஸின் ஃபிலமெண்டை (அயனாக்கும் சூட்டுக் கம்பி) அணைத்து வையுங்கள். ஒழுக்குத் தேடச் சவர்க்காரத் தண்ணி மட்டும் வேண்டாம்.

அக்கரைப்பற்று: 18, அதாவது தண்ணீர், மட்டும் கூட, மாரி மழைதான் காரணமா?

எம்எஸ்ஸைத் திறந்தீர்களென்றால், ஆம். உள்சுவரில் ஒட்டின ஈரம் அது. மணிக்கு மணி இறங்கினால் ஒழுக்கல்ல, பொறுங்கள்.

களுவாஞ்சிகுடி: 207 வருகுது சேர்.

தங்கச்சி, அது காற்றல்ல. கொலத்தின் அல்லது செப்டத்தின் (ஊசி குத்தும் மூடி) சிலிக்கோன். செப்டத்தை மாற்றிப் பாருங்கள்.

கல்முனை: 28, 32 ஏறியிருக்கு, சிலிண்டர் மாற்றவா?

முதல் பதிலைப் படியுங்கள்.

காத்தான்குடி: நான் எத்தனையோ வருசமாகச் சவர்க்காரத் தண்ணிதான் பாவிக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லையே?

நானா, இன்லெட் (மாதிரியை ஏற்றும் வாய்) பக்கம் குமிழி காட்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எம்எஸ் பக்கம் வெற்றிடம். அங்கே குமிழி வராது, தண்ணியும் சவர்க்காரமும் உள்ளே இழுபடும், பிறகு கிழமைக்கணக்கில் பின்னணியில் அதைத்தான் பார்ப்பீர்கள்.

காத்தான்குடி: இன்லெட்டில் அழுத்தம் வெளியேதானே தள்ளும்? அங்கே பூசினால் என்ன?

ஈலியம் வெளியேறும் அதே துளையால் ஒட்சிசன் எதிர்த்திசையில் பரவி உள்ளே வரும். அழுத்தம் அதை முழுதாகத் தடுக்காது. வாயுவை மூடினால் தள்ளவும் ஆளில்லை, நட்டைச் சுற்றிய ஈரம் ஃபெரூலுக்குள் ஊறும். கையில் பிடிக்கும் ஈலியம் ஒழுக்குமானி ஒன்றை ஆய்வுகூடத்துக்கு வாங்கச் சொல்லுங்கள் நானா.

கல்முனை: படித்தேன் சேர். எனக்கு 28 மட்டும்தான் கூட, 32 ஏறவே இல்லை. முதலில் பிழையாக எழுதிவிட்டேன்.

அது வேறு கதை. ஈலியக் குழாயிலுள்ள ஒட்சிசன் வடிகட்டி 32ஐப் பிடித்துவிடும், நைதரசனை விட்டுவிடும். வடிகட்டிக்கு முன்னுள்ள, சிலிண்டரின் ரெகுலேட்டர் (அழுத்தச் சீராக்கி) இணைப்பைப் பாருங்கள். அது சரியென்றால் சிலிண்டரை மாற்றுங்கள்.