டெர்மட்டோமயோசைட்டிஸ் (தோலையும் தசையையும், சிலருக்கு நுரையீரலையும் தாக்கும் அழற்சி நோய்) நோயாளிக்குக் கழுத்து திடீரென வீங்கி, தொட்டால் நறநறப்பது ஏன்?

கழுத்துத் தோலை அழுத்தும்போது பொரி நொறுங்குவது போல இருந்தால், உள்ளே காற்று கசிந்திருக்கிறது என்று பொருள். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கூடவே நெஞ்சு வலி, மூச்சிரைப்பு, குரல் மாற்றம் இருந்தால் இன்னும் அவசரம்.

நோயால் இறுகிச் சேதமான நுரையீரலில் காற்று நுண்ணறை ஒன்று கிழிகிறது. வெளியேறும் காற்று, மூச்சுக்குழாய்களையும் ரத்தக்குழாய்களையும் சுற்றிய உறை வழியே நகர்ந்து இரு நுரையீரல்களுக்கும் நடுவே சேர்கிறது. அங்கிருந்து கழுத்துக்கு ஏறுகிறது. பலமான இருமல் இதைத் தூண்டலாம். ஸ்டீராய்டு திசுவைப் பலவீனமாக்குவதும் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்துவது பேராபத்து.

ரத்தப் பரிசோதனையில் ஆன்டி-எம்டிஏ5 என்ற ஆன்டிபாடி (உடலின் சொந்தப் புரதத்தையே குறிவைக்கும் எதிர்ப்புப் புரதம்) உள்ளவர்களிடம்தான் இதை அதிகம் எதிர்பார்க்க வேண்டும். இவர்களில் பலருக்குத் தசை பலவீனம் சொற்பம், தசைச் சேதத்தைக் காட்டும் ரத்த நொதியான சிபிகே அளவும் இயல்பாக இருக்கும். அதைப் பார்த்து நோய் லேசானது என்று முடிவு செய்வதுதான் பெரிய தவறு. விரல் மூட்டுகளில் புண், உள்ளங்கையில் வலிக்கும் சிவந்த முண்டுகள், ரத்தத்தில் உயரும் ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) ஆகியவை எச்சரிக்கைகள்.

எக்ஸ்ரேயில் சிறு கசிவு தப்பிவிடும். சிடி ஸ்கேன் காட்டிவிடும். ஓய்வு, ஆக்சிஜன், இருமல் கட்டுப்பாடு போதுமானால் காற்று தானே உறிஞ்சப்படும். நுரையீரலைச் சுற்றியும் காற்று சேர்ந்து அழுத்தினால் அதை வெளியேற்ற நெஞ்சில் குழாய் தேவைப்படலாம். முகமூடி வழி அழுத்தக் காற்று கசிவைக் கூட்டக்கூடும் என்பதால் அதை மிகக் கவனமாகவே தர வேண்டும். நுரையீரல் திறனை அளக்கும் ஊதும் பரிசோதனையையும் தள்ளிப்போட வேண்டும். கசிவு அடங்கினாலும் அடிப்படை நுரையீரல் அழற்சி வேகமாக முற்றலாம். ஸ்டீராய்டுடன் டாக்ரோலிமஸ், சைக்ளோபாஸ்பமைடு போன்ற நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளைச் சேர்ப்பது பற்றி வாதநோய் நிபுணர் தாமதமின்றி முடிவெடுக்க வேண்டும்.