மாலையில் மட்டும் கிரைண்டர் உறுமுவது ஏன்?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்து லயத்தில் இட்லி மாவு அரைத்துப் பட்டணத்துக் கடைகளுக்குப் போடுகிறேன். 2 குதிரைசக்தி கிரைண்டர். ஏழு மணிக்கு மேல் தட்டினால் உறுமுகிறது, சுற்றுவதில்லை. மோட்டார் ஒருமுறை எரிந்தும் போனது. ஸ்டெபிலைசர் வாங்கவா, பட்டணத்தில் கடை பார்க்கவா?
- வாசகி, பேராக்

பதில்: இரண்டுக்கும் இப்போது காசு இறக்காதீர்கள், அம்மா. பகலிலும் உறுமினால் மோட்டாரைக் கிளப்பிவிடும் கபாசிட்டர் போயிருக்கும். மாற்ற அதிகம் செலவாகாது. மாலையில் மட்டும் என்பதால் கரண்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். வயர்மேனை ஏழரை மணிக்கு வரச்சொல்லி, கிரைண்டர் கிளம்பும் நொடியில் மீட்டரிலும் பிளக்கிலும் வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். இங்கே மலேசியாவில் வீட்டு இணைப்பு 230 வோல்ட். 6 விழுக்காடு இறங்கலாம், அதாவது 216 வரை.

மீட்டரில் சரியாக இருந்து பிளக்கில் விழுந்தால் குறை உங்கள் வயரில். இந்த மோட்டார் ஓடும்போது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும்போது ஐந்து மடங்கு. 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் 30 மீட்டர் போனால் அந்த நொடியில் 27 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 6 சதுர மில்லிமீட்டரில் தனி வயர் இழுத்தால் 11தான். வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே மோட்டாரின் முறுக்குவிசை ஐந்தில் ஒரு பங்கு குறையும். கல் நகராது, இழுத்த கரண்டெல்லாம் சூடாகிச் சுருளை எரிக்கும். உறுமினால் உடனே அணைத்துவிடுங்கள்.

மீட்டரிலேயே குறைந்தால், பில் யார் தருகிறார் என்று பாருங்கள். மின்சார நிறுவனமான டிஎன்பி என்றால் 15454க்குப் புகார் கொடுங்கள். தோட்ட ஆபீஸ் காசு பிடிக்கிறது என்றால் உள்லைன் பெரும்பாலும் நிர்வாகத்துடையது. மேனேஜருக்கு எழுத்தில் கொடுங்கள். தொழிலாளர் வீட்டுக்குப் போதுமான மின்சாரம் தரும் கடமை 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது குடியிருக்கத்தான், வியாபாரத்துக்கு அல்ல. எனவே நிர்வாகத்தின் சம்மதக் கடிதத்தோடு, சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிந்த மின் குத்தகையாளர் வழியாகத் தனி இணைப்பு கேளுங்கள். ஒற்றை ஃபேஸ் இணைப்பு 12 கேவிஏ சுமை வரை தாங்கும், உங்களுக்குத் தாராளம். நிர்வாகம் சம்மதிக்காவிட்டால் மட்டும் பட்டணத்துக் கடை.

ஸ்டெபிலைசர் கரண்டை உண்டாக்காது. வோல்டேஜைத் தூக்க லைனிலிருந்து இன்னும் அதிகம் இழுக்கும், பக்கத்து வீட்டு விளக்கும் மங்கும்.

அதுவரை விடியற்காலை ஐந்துக்கு அரையுங்கள். வெறும் கல்லைச் சுற்றவிட்டு, வேகம் பிடித்ததும் உளுந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.