வயிறு நிறைந்தவருக்கு என்ன ஏக்கம்?

கேள்வி: பஞ்சத்துக்குத் தப்பி அமெரிக்கா போய் விவசாயம் செய்த அயர்லாந்துக் கவிஞர் பாட்ரிக் ஃபியரிஷ் கூண்டூன், ஊரை நினைத்து ஏங்கி எழுதினாராம். நிலமும் சாப்பாடும் கிடைத்த பிறகு ஏக்கம் என்பது பாசாங்குதானே?

பதில்: இல்லை. முதலில் பஞ்சத்தை விட்டுவிடுங்கள். அயர்லாந்தில் உருளைக்கிழங்கை நோய் தாக்கி அந்தப் பஞ்சம் தொடங்கியது 1845இல். கூண்டூன் கார்க் மாவட்டத்துப் பாலிமகோடாவிலிருந்து கப்பலேறியது 1826 வாக்கில். 1777இல் பிறந்தவர், ஐம்பதை நெருங்கும் வயது. அன்றைய குடியானவரை நெருக்கியது குத்தகை. அதன் மேல், கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட் திருச்சபைக்குத் தசமபாகம் என்னும் வரி கட்ட வேண்டியிருந்தது.

சாப்பாட்டை அவர் மறைக்கவே இல்லை. நியூயார்க் மாநிலத்தில், யூட்டிக்கா நகரை ஒட்டிய டீர்ஃபீல்டிலிருந்து 1834இல் ஊருக்குக் கடிதம் எழுதினார்: நிலம் சொந்தம், யாரும் குத்தகை கேட்க முடியாது, ரொட்டி, இறைச்சி, வெண்ணெய், பால் எல்லாம் ஆண்டு முழுக்க வயிறாரக் கிடைக்கிறது. நிலமும் துணியும் இல்லாமல் அங்கே கிடப்பதைவிட இதுவே மேல் என்றும் சேர்த்துக்கொண்டார். இப்படி எழுதியவரா பாசாங்கு செய்பவர்?

அவருக்கு இல்லாமல் போனது பாட்டைக் கேட்கிற காது. அவர் பாடியது ஐரிஷ் மொழியில், 'அவ்ரான்' என்னும் யாப்பில். ஒரு அடியில் அழுத்தம் விழும் இடங்களில் வரும் உயிரொலிகள், அதே வரிசையில் அடுத்தடுத்த அடிகளிலும் வர வேண்டும். நம் எதுகையில் அடிகளின் இரண்டாம் எழுத்து ஒத்து வரும். இங்கே மெய் மாறலாம், உயிர் மாறக் கூடாது. ஓர் உயிர் பிசகினாலும் பழகிய காது கண்டுபிடித்துவிடும். 1825இல் முடிந்த ஈரி கால்வாய் யூட்டிக்கா வழியாகத்தான் போகிறது. அந்த வேலைக்கு அயர்லாந்துக்காரர்கள் நிறையப் பேர் வந்தார்கள். ஆனால் அவர் பாட்டை எடைபோட்டுப் பதில் எழுதக்கூடிய நண்பர்கள் பாலிமகோடாவில் இருந்தார்கள். அதனால்தான் கடிதத்தோடு பாட்டையும் கப்பலேற்றினார். காடு திருத்துவதை, அடிக்கட்டைகளுக்கு நடுவே கொத்தி விதைப்பதை, எந்த வயதிலும் கற்றுக்கொள்ளலாம். அந்த நண்பர்களை டீர்ஃபீல்டில் விளைவிக்க முடியுமா?

ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் படித்தால் உங்களுக்குத் தோன்றியதுதான் தோன்றும். உயிரொலிச் சங்கிலி அறுந்துவிடும், புலம்பல் மட்டும் மிஞ்சும். 1857இல் இறந்தவரின் பாட்டுகளும் கடிதங்களும் 1932இல் ரிஷ்டார்ட் ஓ ஃபோலூவின் பதிப்பில் ஐரிஷிலேயே வெளிவந்தன. அர்த்தம் புரியாவிட்டாலும், ஐரிஷ் தெரிந்த ஒருவரை நான்கு அடி வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.