ஸ்பேனரை மகள் கையிலேயே விடுங்கள்

கேள்வி: எங்களுக்கு மதுராந்தகம் பக்கம். அப்பா நெல் மூட்டை ஏற்றி ஓட்டிய மகேந்திரா ஜீப் பிக்கப், 1971-இல் பதிவான பெட்ரோல் வண்டி, ரொம்ப காலமாகக் கொட்டகையில் கிடக்கிறது. "தாத்தா வண்டியை நாமளே சரி பண்ணலாம்ப்பா" என்று பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள்தான் ஆரம்பித்தாள். விடுமுறையில் இருவரும் சேர்ந்து பிரித்தோம். ஒரு நாள் 13-ஆம் நம்பர் ஸ்பேனர் போட்டுத் திருகும்போது போல்ட் தலையை மழுக்கிவிட்டாள். "விடு, உனக்கு வராது" என்று ஸ்பேனரைப் பிடுங்கிவிட்டேன். அதிலிருந்து கொட்டகைப் பக்கமே வருவதில்லை. கேட்டால் டெஸ்ட் இருக்கிறது என்கிறாள். பெயிண்டிலும் தகராறு: எனக்குப் பழைய நிறம் வேண்டும், அவளுக்குக் கறுப்பு. தயாரானதும் கடைத்தெரு வரை தானே ஓட்டுவாளாம். பேசாமல் மெக்கானிக்கிடம் விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். முதலில் அந்த போல்ட்டைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் வண்டி அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வழி வந்தது. அதன் போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அதில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் மாட்டும், ஆனால் கொஞ்சம் ஆடும். துருப்பிடித்த போல்ட்டில் அந்த ஆட்டமே தலையை மழுக்கப் போதும். உங்கள் மகளிடம் கோளாறு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை, ஸ்பேனர் தப்பு. இதை அவளிடம் நேராகச் சொல்லுங்கள். "கோபத்துல சொல்லிட்டேன்" என்று மழுப்பாமல், "தப்பான ஸ்பேனரை உன் கையில் கொடுத்துட்டு உன்னையே திட்டிட்டேன்" என்று சொல்லுங்கள்.

அப்புறம் இருவரும் சென்னை புதுப்பேட்டைக்குப் போய் ஒரு அங்குல ஸ்பேனர் செட் தேடி வாங்குங்கள். கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். நீங்கள் ஒரு எட்டு பின்னால் நில்லுங்கள். என்ன வேண்டும் என்று அவளே சொல்லட்டும்.

இனி வேலையை எப்படிப் பிரிப்பது? கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்கிற வேலையை முழுசாக அவளிடம் கொடுங்கள். என் யோசனை, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர். கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுக்கட்டும், கழுவட்டும், புது கேஸ்கெட் போட்டு மாட்டட்டும். பெட்ரோல் அளவாகப் போகும் ஜெட் துவாரத்தில் கம்பி விட்டுக் குத்தினால் பித்தளை ஓட்டை பெரிதாகிவிடும், காற்றடித்தால் போதும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு டார்ச் பிடிப்பதுதான் உங்கள் வேலை. அவள் தடுமாறும்போது உங்கள் கை தானாக நீளும், அடக்கிக்கொள்ளுங்கள். தப்பாக மாட்டினால் எஞ்சின் இருமும், அல்லது ஸ்டார்ட் ஆகாது. பெட்ரோல் எங்காவது கசிகிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி கழற்றட்டும்.

எஞ்சின் வில்லிஸ் ஜீப் வழி வந்த பழைய 'ஹரிகேன்' ரகமாக இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். மேல் மூடியைத் திறந்தால் நான்கு வால்வுகள்தான் தெரியும். நான்கு சிலிண்டருக்கு எட்டு வேண்டுமே, மீதி எங்கே என்று அவளைக் கேளுங்கள். புகை வெளியேறும் நான்கும் கீழே பிளாக்கிலேயே, பக்கவாட்டு மூடிக்குள் ஒளிந்திருக்கும். இன்றைய கார்களில் பார்க்க முடியாத அமைப்பு. தயவுசெய்து விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்!

பிரேக்கில் மட்டும் தப்பு செய்து கற்கும் இந்தச் சலுகை வேண்டாம். அந்தக் கால ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். சக்கரத்தில் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒன்று ஒழுகினாலும் மொத்தமும் போய்விடும். அனுபவமுள்ள மெக்கானிக்கை வீட்டுக்கே கூப்பிடுங்கள். அவர் செய்யட்டும், நீங்கள் இருவரும் கூட நின்று கற்றுக்கொள்ளுங்கள். மகளுக்குப் பக்கத்தில் நீங்களும் மாணவராக நிற்பது அவளுக்குப் பிடிக்கும். பழைய பிரேக் ஷூ தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடிக்காமல் ஈரத்துணியால் துடைக்கவும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது, ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான். பெட்ரோல் டேங்கில் வெல்டிங் வேலை இருந்தால் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

நிறத்தை இப்போதே முடிவு செய்யாதீர்கள். சீட்டுக்குப் பின்னால் ஒரு மூலையில் உப்புத்தாளால் தேய்த்து, தாத்தா காலத்து நிறம் எது என்று அவளே கண்டுபிடிக்கட்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், அதனால் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும், மாஸ்க் கட்டாயம். பார்த்த பிறகும் கறுப்புதான் என்றால் கறுப்பே இருக்கட்டும், ஆர்சியில் மாற்றிக்கொள்ளலாம். சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்யாதீர்கள். 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவுக்கு அது முக்கியம். உங்கள் பிக்கப்புக்கு அந்தப் பதிவு கிடைத்தால் கண்காட்சி, ராலி போன்றவற்றுக்கு எடுத்துப்போகலாம். தினமும் ஓட்டவோ மூட்டை ஏற்றவோ முடியாது. எது வேண்டும் என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

கடைத்தெரு வரை ஓட்டும் ஆசைக்கு மட்டும் இப்போது இடமில்லை. 18 வயதுக்குக் கீழே உள்ளவர் ஓட்டிப் பிடிபட்டால் உங்களுக்கு 3 வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு, வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அதைவிட, அவளுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வாள். 18 வயதாகி லைசென்ஸ் வாங்கும் வரை கொட்டகையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதும் ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) வைப்பதும் அவள் பொறுப்பாகவே இருக்கட்டும். கதவை மட்டும் நன்றாகத் திறந்து வையுங்கள், புகை உள்ளே தங்கக் கூடாது.