ஷேவிங் தடிமன்: புள்ளிகள் உள்ளே இருந்தும் தோல் ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: பேரணாம்பட்டில் உள்ள தோல் பதனிடும் தொழிற்சாலையில் தர மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஷேவிங் (பிளேடால் சீவித் தடிமனைச் சீராக்குவது) முடிந்த வெட் புளூ தோலின் (குரோமியத்தால் பதனிட்ட ஈரத் தோல்) தடிமன் 1.1 முதல் 1.3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது வாங்குபவரின் நிபந்தனை. மணிக்கொரு முறை ஐந்து தோல்களை அளந்து, சராசரியை வரைபடத்தில் குறிக்கிறோம். 1.1, 1.3 இரண்டையும் கோடுகளாகப் போட்டிருக்கிறோம். எந்தப் புள்ளியும் வெளியே போகவில்லை. அளவு 1.2-ஐ விட்டு விலகினால் ஆபரேட்டர் உடனே மெஷினைத் திருத்திவிடுகிறார். ஆனாலும் தோல்கள் திரும்பி வருகின்றன. எங்கே கோளாறு?

பதில்: முதலில் அந்த இரண்டு கோடுகளையும் அழித்துவிடுங்கள். அவை ஒவ்வொரு தோலுக்கும் வாங்குபவர் விதித்த எல்லை. நீங்கள் குறிப்பதோ ஐந்து தோல்களின் சராசரி. அது எப்போதும் தனித் தோலைவிடக் குறைவாகவே ஆடும். உங்கள் சராசரி 1.28-இல் நின்றால் வரைபடம் அமைதியாகத்தான் இருக்கும். ஆனால் கீழே நான் எடுத்துக்கொண்ட கணக்குப்படி, பத்துத் தோல்களில் ஏறத்தாழ மூன்று 1.3-ஐத் தாண்டியிருக்கும்.

கட்டுப்பாட்டு எல்லையை, அதாவது சராசரி இயல்பாக ஆடும் வரம்பை, உங்கள் மெஷினின் அளவுகளே சொல்ல வேண்டும். மெஷினைத் தொடாமல் 25 முறை, அடுத்தடுத்து வரும் ஐந்து தோல்களை அளந்து எழுதுங்கள். எல்லாத் தோலிலும் ஒரே இடத்தில் அளப்பது முக்கியம். ஒன்றில் முதுகிலும் மற்றொன்றில் வயிற்றுப் பக்கத்திலும் கேஜை வைத்தால் எண்களுக்குப் பொருளே இல்லை. மாட்டுத் தோலையும் எருமைத் தோலையும் ஒரே வரைபடத்தில் கலக்காதீர்கள்.

ஐந்தில் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசம் வீச்சு. எடுத்துக்காட்டாக, மொத்தச் சராசரி 1.21, சராசரி வீச்சு 0.09 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து அளவுகளுக்கான மாறிலி 0.577. அதை 0.09-ஆல் பெருக்கினால் 0.052. ஆகவே சராசரிக்கான எல்லைகள் 1.16, 1.26. வீச்சுக்கான மேல் எல்லைக்கு மாறிலி 2.114, ஆகவே 0.09 × 2.114 = 0.19. வீச்சு வரைபடத்தை முதலில் பாருங்கள். அது நிலையாக இல்லாதபோது சராசரியின் எல்லைகளை நம்ப முடியாது.

இனி ஆபரேட்டர். ஒவ்வொரு அளவுக்கும் எதிராக மெஷினை அதே அளவு திருத்தினால், இயல்பான சிதறல் குறையாது. சிதறலின் அளவான திட்ட விலக்கம் 40 சதவீதத்துக்கு மேல் கூடும். அவர் அக்கறையோடுதான் செய்கிறார், பாதிப்பும் அதனால்தான் வருகிறது. 1924-இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் வால்டர் ஷூவார்ட் இந்தக் கட்டுப்பாட்டு வரைபடத்தை உருவாக்கியபோது முன்வைத்த கேள்வியே, எப்போது தலையிட வேண்டும், எப்போது கை வைக்கக் கூடாது என்பதுதான். எல்லைக்கு வெளியே ஒரு புள்ளி போனாலோ, நடுக்கோட்டின் ஒரே பக்கத்தில் தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் விழுந்தாலோ மட்டும் மெஷினை நிறுத்திக் காரணம் தேடட்டும். புள்ளிகள் மெல்ல மெல்ல மேலே ஏறினால் பிளேடு மழுங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வீச்சு 0.09 என்றால் தனித் தோல்கள் சுமார் 1.09 முதல் 1.33 வரை பரவும். அதாவது எல்லாப் புள்ளிகளும் கட்டுக்குள் இருந்தாலும் சில தோல்கள் திரும்பித்தான் வரும். இதை ஆபரேட்டர் தலையில் கட்டக் கூடாது. பிளேடைத் தீட்டும் முறை, தோலின் ஈரம், ஷேவிங்குக்கு முன் தடிமன்வாரியாகப் பிரிப்பது ஆகிய மூன்றையும் நிர்வாகம்தான் சீர்செய்ய வேண்டும். சராசரி வீச்சு 0.07-க்கு இறங்கி, மொத்தச் சராசரி 1.20-இல் நின்றால், அநேகமாக எல்லாத் தோல்களும் 1.11 முதல் 1.29-க்குள் அடங்கிவிடும்.